டிக் டிக் சத்தம் மாறிடுச்சா, நடந்தா மூச்சு வாங்குதா: வால்வு மாத்துனவங்க வீட்ல எதுல ஆரம்பிச்சு எதப் பாக்கணும்

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு சின்ன லேப்ல பதினேழு வருஷமா வேல பாக்குறேன். டாக்டர் இல்ல, ஊசி போடுற ஆளும் இல்ல, ஊசி குத்தி ரத்தம் எடுக்குற ஆளு. காலைல ஷட்டர தூக்குனா முதல்ல நிக்கிறது சுகர்காரங்க, அடுத்தது பிடி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு லேட்டாகுதுன்னு காட்டுற நம்பர், ரொம்ப ஏறுனா ரத்தம் கசியும், எறங்குனா கட்டிக்கும்) பாக்க வர்ற வால்வுகாரங்க. எங்க குடும்பத்துலயே ரெண்டு பேருக்கு இதய வால்வு மாத்தியாச்சு, சித்திக்கு இரும்பு வால்வு, அப்பாவுக்கு மாட்டு வால்வு. மாசா மாசம் அதே கேள்வி, அதே கோளாறு, அதே பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே தடவையா எழுதி வச்சிடலாம்னு. டோஸ் ஏத்துறது கொறைக்கிறது எதுவும் இதுல கெடையாது, அது உங்க டாக்டர் வேல.

## முதல்ல ஃபைல எடுங்க

கோளாறு என்னன்னு பாக்குறதுக்கு முன்னாடி உள்ள இருக்குறது எந்த வால்வுன்னு தெரியணும். "ஹார்ட்ல ஆபரேஷன் பண்ணிருக்கு தம்பி"ம்பாங்க, பைபாஸா வால்வான்னு கேட்டா பக்கத்துல நிக்கிற பையன் மூஞ்சிய பாப்பாங்க. டிஸ்சார்ஜ் சம்மரில இருக்கும், ஆபரேஷன் முடிஞ்சு குடுத்த வால்வு கார்டுலயும் இருக்கும், கம்பெனி, சைஸு, சீரியல் நம்பர், இதயத்துல வச்ச எடம் மைட்ரலா அயோர்ட்டிக்கா, எல்லாம். அத போட்டோ புடிச்சு வீட்ல ரெண்டு பேர் போன்லயாவது போட்டு வைங்க.

மொத்தத்துல ரெண்டு ஜாதிதான். நம்ம ஊர்ல இரும்பு வால்வுன்னு சொல்றது மெட்டல் வால்வு, பேருதான் இரும்பு, உள்ள தொறந்து மூடுற இதழு பெரும்பாலும் கார்பன். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துல உருவாக்கி 1990 டிசம்பர்ல முதல் ஆளுக்கு வச்ச சித்ரா வால்வா இருந்தா ஒத்தத் தட்டு, அது பாலிஎத்திலீன், ஒரு வகை கெட்டி பிளாஸ்டிக். இதெல்லாம் தேயறது ரொம்ப அபூர்வம், ஆயுசுக்கும் ஓடும், ஆனா அதுல ரத்தம் கட்டிக்கும், அதனாலதான் ரத்தம் உறையாம பாத்துக்குற வார்ஃபரினோ அசிட்ரோமோ ஆயுசுக்கும் சாப்புடணும், கீழ ரத்த மாத்திரைன்னு சொல்றது இதத்தான். டிஷ்யூ வால்வுங்கறது மாட்டு இதயத்து மேல இருக்குற உறையிலயோ பன்னி வால்வுலயோ செய்யறது, மாத்திரை தொல்ல கம்மி, ஆனா சுண்ணாம்பு படியும், வெறைக்கும், கிழியும். சுமாரா 10லேர்ந்து 15 வருஷம்னு சொல்றாங்க, சின்ன வயசுல வச்சா சீக்கிரம் போகும், மைட்ரல் எடத்துல வச்சது அயோர்ட்டிக்க விட சீக்கிரம், டயாலிசிஸ்ல இருக்குறவங்களுக்கு இன்னும் சீக்கிரம்.

இரும்பு வால்வு திடீர்னு கால வாரும். டிஷ்யூ வால்வு சொல்லிட்டுத்தான் போகும், ஆனா ரொம்ப மெதுவா சொல்றதால வீட்ல யார் காதுலயும் விழாது. கீழ வர்றதெல்லாம் இந்த ரெண்ட வச்சுதான் பிரியும்.

## இதுல ஒண்ணு இருந்தா மேற்கொண்டு படிக்காதீங்க, 108

வாய் கோணிக்கிச்சு, ஒரு பக்க கை கால் வரல, பேச்சு கொழறுது, திடீர்னு ஒரு கண்ணு தெரியல. படுக்கவே முடியாம மூச்சு முட்டுது, நுரையா சளி வருது. மயங்கி விழுந்துட்டாங்க. இரும்பு வால்வு சத்தம் நின்னுடுச்சு. ரத்த மாத்திரை சாப்புடுறவங்க தலைல அடிபட்டுட்டாங்க, வெளிய ஒரு சொட்டு ரத்தம் வரலன்னாலும், நல்லா பேசிட்டே இருந்தாலும்.

பைக்ல நடுவுல உக்கார வச்சு கூட்டிட்டு போகாதீங்க. எக்கோவும் (இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன்) இதய டாக்டரும் இருக்குற எடமா போகணும், நம்ம பக்கத்துக்கு பாண்டிச்சேரி கோரிமேட்டு ஜிப்மர்ல இதய ஆபரேஷன் பிரிவே இருக்கு. உள்ள போனதும் "மூச்சு முட்டுது"ன்னு ஆரம்பிக்காதீங்க, "வால்வு மாத்துனவங்க, ரத்த மாத்திரை சாப்புடுறாங்க"ன்னு ஆரம்பிங்க, அப்பதான் வரிசை மாறும்.

## அறிகுறி: சத்தம் கொறைஞ்சிருக்கு, இல்ல வேற மாதிரி கேக்குது

இது இரும்பு வால்வுக்கு மட்டும். டிஷ்யூ வால்வுல இந்த டிக் டிக் இருக்காது, அதத் தேடிட்டு பயப்படாதீங்க.

சின்ன காரணம் முதல்ல. ஒடம்பு போட்டிருந்தா சத்தம் அமுங்கும். ஃபேன் சத்தம், ஏசி சத்தம், காது மந்தம். சித்ரா மாதிரி பிளாஸ்டிக் தட்டு வால்வுல மொதல்லேர்ந்தே சத்தம் மெலுசா இருக்கும். ராத்திரி ஃபேன நிறுத்திட்டு எடது பக்கமா ஒருக்களிச்சு படுத்து வாய லேசா தொறந்து வைக்கச் சொல்லுங்க, வாய் வழியா நல்லா கேக்கும். இன்னொருத்தர் நெஞ்சுல காத வச்சு கேட்டுகிட்டே மணிக்கட்டுல நாடிய புடிக்கணும், ஒவ்வொரு துடிப்புக்கும் சுத்தமா ஒரு தட்டு, மணிக்கூண்டு கடிகாரம் மாதிரி. நல்லா இருக்குறப்பவே இத போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தா ஒப்பிட்டு பாக்கலாம், இல்லன்னா இன்னிக்கே பண்ணிடுங்க.

ஒப்பிட்டா கரகரன்னு இருக்கு, அமுங்கி இருக்கு, நடுநடுவுல ஒண்ணு விட்டுப் போகுதுன்னா அடுத்த காரணம் ரத்தக்கட்டு. அதுக்கும் அடுத்தது வால்வு ஓரத்துல தழும்பு சதை வளந்து இதழ தொறக்க விடாம பண்றது, இது வருஷக்கணக்குல நடக்கும்.

எங்க சித்தி கத இது. ராத்திரி ரெண்டு மணிக்கு சித்தப்பா போன். "தம்பி, உங்க சித்திக்கு சத்தம் கேக்கலடா." எனக்கு தூக்கத்துல ஒண்ணும் புரியல. மனுஷன் பதினாலு வருஷமா அந்த டிக் டிக்க கேட்டுகிட்டே தூங்குறவரு, கல்யாண வீட்டுக்குப் போயி தனியா படுத்தா தூக்கம் வரலம்பாரு, அன்னிக்கு தூக்கத்துலேர்ந்து முழிச்சதே சத்தம் இல்லாததாலதான். சித்திய கேட்டா "எனக்கு ஒண்ணும் இல்ல, கொஞ்சம் நெஞ்சு கரிக்கிது, அந்த பஜ்ஜி வேலதான், காலைல பாத்துக்கலாம்"னு சொல்லுது. நான் கொஞ்சம் புத்தி இருந்த நேரத்துல "சித்தப்பா, ஆம்புலன்ஸ கூப்புடுங்க, நான் நேரா வந்துடறேன்"னேன். அங்க போயி எக்கோ எடுத்து, எக்ஸ்ரே வீடியோ மாதிரி ஒண்ணு இருக்கு ஃப்ளூரோஸ்கோப்பின்னு, அதுல பாத்தா ரெண்டு இதழ்ல ஒண்ணு அசையவே இல்ல, கதவு துருப்புடிச்சு நின்ன மாதிரி நிக்குது. கட்டிய கரைக்கிற மருந்து ஏத்துனாங்க. மறுநாள் சாயங்காலம் ஐசியு வாசல்ல சித்தப்பாவ உள்ள விட்டாங்க, அவரு மானிட்டர பாக்கல, சித்தி மேல குனிஞ்சு காதத்தான் வச்சாரு.

நடந்தது என்னன்னா ஒரு வாரத்துக்கு முன்னாடி பல்வலிக்கு போயிருக்கு, ரத்தம் வரும்னு பயந்து தானாவே அஞ்சு நாள் மாத்திரைய நிறுத்திருக்கு, பல்லு புடுங்குன அப்புறம் திருப்பி ஆரம்பிக்க மறந்திருக்கு. அவ்வளவுதான்.

சத்தம் மாறி இருந்து ஒடம்பு நல்லா இருக்குன்னா அன்னிக்கே டாக்டர். மூச்சும் வாங்குதுன்னா அந்த நிமிஷமே. என்கிட்ட வந்து "ஒரு ஐஎன்ஆர் எடுத்துப் பாத்துட்டு போறோம்"னு சொல்லாதீங்க, ஐஎன்ஆர் சரியா இருந்தாலும் கட்டி இருக்கலாம். வீட்ல ரெண்டு மாத்திரைய சேத்துப் போடுறதும் வேலைக்காவாது, அது ரத்தத்துல வேல காட்டவே ரெண்டு மூணு நாளாகும், இருக்குற கட்டிய கரைக்கவும் கரைக்காது.

## அறிகுறி: மூச்சு வாங்குது, கால் வீங்குது, முன்ன மாதிரி நடக்க முடியல

### இரும்பு வால்வா இருந்தா

நாலஞ்சு நாள்ல புதுசா வந்த மூச்சு வாங்கல்னா கட்டி இல்லன்னு எக்கோல தெரியற வரைக்கும் கட்டின்னுதான் நெனச்சுக்கணும். கேஸு, அசதி, வெயிலுன்னு பேரு வைக்காதீங்க. இன்னிக்கே போங்க. மாசக்கணக்குல மெதுவா வந்ததுன்னா கீழ இருக்குற வரிசைய பாருங்க, அதுவும் ஒரு வாரத்துக்குள்ள.

### டிஷ்யூ வால்வா இருந்தா

இங்கதான் எல்லாரும் கோட்ட விடறோம், நான் உள்பட. எங்கப்பா பிரதோஷத்துக்கு பிரதோஷம் திருப்பாப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில்ல மூணு சுத்து சுத்துவாரு. அது ரெண்டாச்சு, அப்புறம் ஒண்ணாச்சு. அப்புறம் அந்த ஒண்ணுலயும் நடுவுல தூண் பக்கம் நின்னு சிற்பத்த பாக்க ஆரம்பிச்சாரு, அறுபது வருஷமா பாக்காத சிற்பத்த. கேட்டா "வயசாகுதுல்லடா". நானும் ஆமாங்க வயசாகுதுன்னு எட்டு மாசம் விட்டுட்டேன், தெனம் பத்து பேருக்கு புத்தி சொல்றவன். எக்கோ எடுத்தப்ப ஆபரேஷன் முடிஞ்சு 12ஆ இருந்த சராசரி கிரேடியன்ட் (வால்வுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற அழுத்த வித்தியாசம், வால்வு வெறைச்சா ஏறும்) 34ல நிக்குது, வால்வு வச்சு பதினோராவது வருஷம்.

வரிசை இப்படி போங்க.

மொதல்ல உப்பு. கடலூர் ஓட்டி (ஓல்டு டவுன்) பக்கம் வீடுன்னா கேக்கவே வேணாம், கருவாடு இல்லாத வாரம் இருக்காது, அப்பளம் ஊறுகாய் தனி. அதோட நீர் மாத்திரை, கல்யாணத்துக்கு போறேன் பஸ்ல போறேன் வழில எறங்க முடியாதுன்னு விட்டிருப்பாங்க, ரெண்டு நாள் விட்டது பத்து நாள் ஆகியிருக்கும். காலைல எழுந்து ஒண்ணுக்கு போயிட்டு வெறும் வயித்துல எடை பாத்து எழுதுங்க. ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா அது சதை இல்ல, தண்ணி. டாக்டருக்கு போன்.

அடுத்தது ரத்த சோகை. ஹீமோகுளோபின் ஒரு சின்ன டெஸ்ட், வெல கொஞ்சந்தான், இத பாக்காம ஸ்கேன் வரைக்கும் போயிட்டு வந்தவங்க இருக்காங்க. மூணாவது நாடி, ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க, தாளம் தப்பித் தப்பி ஓடுதுன்னா ஈசிஜி. இதயத் தாளத்துக்கு குடுக்குற அமியோடரோன் மாத்திரை சாப்புடுறவங்கன்னா தைராய்டும் பாக்கணும். சளி காய்ச்சல் இருக்கான்னும் பாருங்க. இதெல்லாம் ஏன் முன்னாடின்னா ரத்தம் கம்மியா இருந்தாலோ காய்ச்சல்ல இதயம் வேகமா ஓடுனாலோ எக்கோல கிரேடியன்ட் சும்மாவே ஏறிக் காட்டும், நல்ல வால்வு மேல பழி விழும்.

அப்புறம்தான் எக்கோ. பழைய ரிப்போர்ட் இல்லாம புது ரிப்போர்ட்டுக்கு மதிப்பே கெடையாது. ஆபரேஷன் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல எடுத்த முதல் எக்கோதான் உங்க அளவுகோல், அத லேமினேட் பண்ணி வச்சாலும் தப்பில்ல. அயோர்ட்டிக் டிஷ்யூ வால்வுல அந்த முதல் அளவ விட 10க்கு மேல ஏறி 20அ தாண்டுனா தேய ஆரம்பிச்சாச்சு, 20க்கு மேல ஏறி 30அ தாண்டுனா நல்லாவே தேஞ்சாச்சு. மைட்ரலுக்கு கணக்கு வேற, அத இத வச்சு பாக்காதீங்க. முடிஞ்சா ஒரே எடத்துல எக்கோ எடுங்க.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்னு கேட்டா, ராத்திரி ஒரு தலகாணி ரெண்டாச்சுன்னா போகணும், படுத்தா இருமல் வந்து உக்காந்தா நின்னுச்சுன்னா போகணும், கோயில்ல சிற்பம் பாக்க ஆரம்பிச்சா போகணும். ஒண்ணுமே இல்லன்னாலும் வருஷம் ஒரு தடவ இதய டாக்டர்கிட்ட காட்டிடணும், டிஷ்யூ வால்வு பத்து வருஷத்த தாண்டுனா வருஷா வருஷம் எக்கோவும்.

## அறிகுறி: ஐஎன்ஆர் மேலயும் கீழயும் ஆடுது

இது என் ஏரியா, கொஞ்சம் பேசிக்கிறேன். இரும்பு வால்வு அயோர்ட்டிக்ல இருந்தா சாதாரணமா 2லேர்ந்து 3, மைட்ரல்ல இருந்தா 2.5லேர்ந்து 3.5, உங்களுக்கு எவ்வளவுன்னு டாக்டர் ஃபைல்ல எழுதியிருப்பாரு, பக்கத்து வீட்டுக்காரரோட நம்பர் உங்க நம்பர் இல்ல.

### நம்பர் மேல தப்பா, ஒடம்பு மேல தப்பா

போன மாசம் வரைக்கும் 2.8 இருந்தவருக்கு திடீர்னு 5.1னா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது எங்கள. நீல மூடி போட்ட ட்யூப்ல கொஞ்சூண்டு சிட்ரேட் தண்ணி இருக்கும், ஒரு பங்கு தண்ணிக்கு ஒம்போது பங்கு ரத்தம், கோடு வரைக்கும் ரொப்பணும். நரம்பு கெடைக்கல, பாட்டி கத்துது, பாதி ட்யூப் போதும்னு அனுப்பிட்டா ஐஎன்ஆர் இல்லாத ஒசரத்துக்கு காட்டும். அத நம்பி டாக்டர் டோஸ கொறைப்பாரு, உண்மைல ஏற்கனவே சரியா இருந்தது இப்ப கீழ போயிடும், அதுலதான் கட்டி புடிக்கும். நான் வேலைக்கு சேந்த புதுசுல எனக்கே இது நடந்துருக்கு, சீனியர் ஒருத்தர் ட்யூப வெளிச்சத்துல புடிச்சு காட்டி "கோட்ட பாத்தியா"ன்னு ஒரே வார்த்ததான் கேட்டாரு. ரத்தம் எடுக்குறப்ப நீங்களே அந்த கோட்ட பாருங்க, கூச்சப்படாதீங்க, கொறைஞ்சிருந்தா இன்னொரு ட்யூப் கேளுங்க. நம்பர் ஒடம்போட ஒத்துப் போகலன்னா டோஸ மாத்துறதுக்கு முன்னாடி மறுபடி எடுக்கச் சொல்லுங்க. ஒரே லேப்ல பாக்குறதும் நல்லது, டெஸ்ட்டுக்கு நாங்க ஊத்துற மருந்து லேப்புக்கு லேப் மாறும்.

### மாத்திரை தப்பு

அடுத்தது இதான். வார்ஃபரினும் அசிட்ரோமும் வேற வேற மருந்து, ஒரே மில்லிகிராம் போட்டா ஒண்ணாகாது, "அது இல்ல, இது அதேதான்"னு கடைல குடுத்தா வாங்காம டாக்டருக்கு போன் பண்ணுங்க. 1 மில்லிகிராம் அட்டையும் 2 மில்லிகிராம் அட்டையும் ஒரே டப்பால கெடக்குறது, அர மாத்திரைய கையால உடைச்சு முக்காலும் காலுமா ஆக்குறது, "திங்கள் வியாழன் மட்டும் கூட அர"ங்கற மாதிரி எழுதிக் குடுத்தத எல்லா நாளும் போடுறது, இப்படி எத்தனையோ பாத்தாச்சு. ஒரு பெரியவரு தெனம் போட்ட அளவ நாள்காட்டில குறிச்சு வைக்கிறேன்னாரு, சந்தோஷப்பட்டேன். அடுத்த மாசம் கொண்டாங்கன்னா தினத்தாள் காலண்டர், குறிச்ச தாள காலைல கிழிச்சுப் போட்டுட்டு இருந்திருக்காரு. மாசக் காலண்டர்ல எழுதுங்க.

ஒரு வேள மறந்தா அன்னிக்கு ராத்திரிக்குள்ள ஞாபகம் வந்தா போடுங்க, மறுநாள்தான் ஞாபகம் வந்துச்சுன்னா விட்டுட்டு வழக்கமான அளவ போட்டு காலண்டர்ல எழுதுங்க, ரெண்டா போடாதீங்க. டோஸ் மாத்துன மறுநாளே வந்து டெஸ்ட் எடுக்குறதும் காசுக்கு கேடு, மூணு நாளாவது போகணும்.

### சாப்பாடு

கீரையே ஆகாதுன்னு சில பேரு நிறுத்திடறாங்க, அப்படி இல்ல, வாரத்துக்கு எவ்வளவோ அதே அளவா இருக்கணும், அவ்வளவுதான். ஆடி மாசம் எங்க லேப்ல பாக்கணும். வாரா வாரம் ஒரு அம்மன் கோயில்ல கூழு, கூட முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. கீரைல ஐஎன்ஆர் எறங்கும், கருவாட்டுல கால் வீங்கும். கார்த்திகை பொறந்தா மால போட்டு விரதம் இருக்குறவங்களுக்கு உல்ட்டா, சாப்பாடு பாதியா போனதும் ஐஎன்ஆர் ஏறும். வயித்தால போனாலும் ஏறும். சனி ஞாயிறு பாண்டிச்சேரி போயி மொத்தமா குடிச்சுட்டு வர்றவங்களுக்கும் ஏறும், அவங்க திங்கக்கெழம என் கண்ண பாத்து பேச மாட்டாங்க.

### மத்த மருந்து

ஏத்துறது: மெட்ரோனிடசோல், செப்ட்ரான் வகை, ஃப்ளூகோனசோல், சிப்ரோ, அமியோடரோன். எறக்குறது: டிபி மாத்திரைல இருக்குற ரிஃபாம்பிசின், ஃபிட்ஸுக்கு குடுக்குற கார்பமசிபைன். ரிஃபாம்பிசின் ஆரம்பிக்கறப்ப மட்டும் இல்ல, முடிக்கறப்பவும் பாக்கணும், ஏத்தி வச்ச டோஸ் அப்படியே இருக்கும், எறக்குற மருந்து நின்னுருக்கும். வலி மாத்திரைல டைக்லோஃபினாக் வகை வேணாம், பாரசிட்டமால் டாக்டர் சொன்ன அளவுல. லேகியம், சூரணம் எதா இருந்தாலும் ஆரம்பிச்சா சொல்லுங்க, ஒரு வாரத்துல ஒரு டெஸ்ட்.

புதுசா வர்ற ரத்தம் உறையாத மாத்திரைங்க இருக்கு, டபிகாட்ரான் மாதிரி, டெஸ்டே வேணாம்னு சொல்லுவாங்க. இரும்பு வால்வுக்கு அது ஆகாது, டபிகாட்ரான வச்சு நடந்த ஆராய்ச்சிய கட்டியும் ரத்தக்கசிவும் கூடுனதால பாதிலயே நிறுத்துனாங்க, 2013ல வெளிய வந்த சேதி. சொந்தக்காரர் ஒருத்தர் சாப்புடுறாருன்னு மாத்திக்காதீங்க.

நம்பர் 5அ தாண்டுனா அன்னிக்கே டாக்டருக்கு போன், ரத்தம் வரலன்னாலும். 1.5க்கு கீழ போனாலும் அன்னிக்கே, முக்கியமா மைட்ரல்ல இரும்பு வால்வுன்னா. மேல போனா பயப்படுறவங்க கீழ போனா நிம்மதியா வீட்டுக்குப் போறாங்க, அதுதான் எனக்கு பயம்.

## அறிகுறி: ரத்தம் வருது, கன்னிப் போகுது

பல்லு வெளக்கறப்ப கொஞ்சம் வருதுன்னா ப்ரஷ்ஷ மாத்துங்க, ஐஎன்ஆர் பாருங்க. மூக்குல வந்தா முன்னாடி குனிஞ்சு பத்து பதினஞ்சு நிமிஷம் மூக்க அழுத்திப் புடிங்க, நடுவுல எடுத்து எடுத்து பாக்காதீங்க, அப்படியும் நிக்கலன்னா ஆஸ்பத்திரி. தார் மாதிரி கருப்பா வெளிக்குப் போறது, ஒண்ணுக்குல ரத்தம், காரணமே இல்லாம பெரிய பெரிய கன்னல், இதுக்கு வீட்டு வைத்தியம் கெடையாது. பொம்பளைங்களுக்கு மாசக்கணக்குல அதிகமா போறத வெக்கப்பட்டு சொல்ல மாட்டாங்க, ஹீமோகுளோபின் 6க்கு வந்தப்பறம்தான் வீட்டுக்கே தெரியுது.

ஒண்ணு சொல்லணும். நம்ம ஊர்ல காய்ச்சல்னாலும் முதுகுவலின்னாலும் பின்னாடி ஒரு ஊசி போட்டாத்தான் வைத்தியம் பாத்த மாதிரி. ரத்த மாத்திரை சாப்புடுறவங்களுக்கு அந்த சதை ஊசி உள்ளயே ரத்தம் கட்டி தேங்கா சைஸுக்கு வீங்கி பாத்துருக்கேன். ஊசி போடற கைய புடிச்சாவது சொல்லுங்க. மூட்டுக் காய்ச்சல்ல வால்வு போனவங்களுக்கு 21 நாளைக்கு ஒரு தடவ போடுற பெனிசிலின் ஊசி தனிக் கணக்கு, அத நீங்களா நிறுத்தாதீங்க, மாத்திரையா மாத்தணுமான்னு டாக்டர் சொல்லட்டும்.

## அறிகுறி: காய்ச்சல்

சாதாரண காய்ச்சலாவும் இருக்கும், பெரும்பாலும் அதான். ஆனா வால்வுல கிருமி ஒக்காந்துட்டா அது மொத வாரம் சாதாரண காய்ச்சல் மாதிரியேதான் இருக்கும், அங்கதான் சிக்கல்.

மெடிக்கல்ல "செட் மாத்திரை" வாங்கிப் போடாதீங்க. அதுல ஒரு ஆன்டிபயாட்டிக் இருந்துடும், காய்ச்சல் ரெண்டு நாள் தணிஞ்சு திரும்பி வரும், அப்ப ப்ளட் கல்ச்சர் (ரத்தத்துல இருக்குற கிருமிய வளத்துப் பாக்குற டெஸ்ட்) எடுத்தா கிருமி வளராமப் போயிடும், என்ன கிருமின்னே தெரியாம வைத்தியம் பண்ண வேண்டியிருக்கும். 100.4க்கு மேல காய்ச்சல் வந்து சளி இருமல்னு தெளிவா ஒரு காரணம் இல்லன்னா, ஆன்டிபயாட்டிக் மொத மாத்திரை வாய்ல போறதுக்கு முன்னாடி கல்ச்சர், வழக்கமா மூணு தடவ தனித்தனியா குத்தி எடுப்போம், "ஒண்ணு போதாதா"ன்னு கேக்காதீங்க. குளிர் நடுக்கம், ராத்திரி வேர்வ, எடை கொறையறது, வெரல் நுனில வலிக்கிற சின்ன புள்ளி இருந்தா யோசிக்கவே வேணாம். ஆபரேஷன் ஆகி ஒரு வருஷத்துக்குள்ளன்னா எந்த காய்ச்சலுக்கும் ஆபரேஷன் பண்ண எடத்துக்கே ஒரு போன் போட்டுடுங்க.

ஐப்பசி கார்த்திகைல இன்னொண்ணு, டெங்கு. ப்ளேட்லெட் எறங்கும், மேல ரத்த மாத்திரை வேற. காய்ச்சல்னா மொத நாளே ப்ளேட்லெட்டும் ஐஎன்ஆரும் சேத்து பாருங்க, மாத்திரைய நிறுத்தணுமா தொடரணுமான்னு டாக்டர்தான் சொல்லணும், ரெண்டு பக்கமும் கத்தி.

இதோட வேர் பாதி நேரம் வாய்லதான் இருக்கும். சொத்தப் பல்லு, ஈறு வீக்கம். பல் டாக்டர்கிட்ட ஏறி உக்காந்ததும் வால்வு இருக்குன்னு சொல்லுங்க, பல்லு புடுங்க, ஈற கிளற வேண்டிய வேலைக்கு அர மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் குடுப்பாங்க, வழக்கமா அமாக்ஸிசிலின் 2 கிராம். ரத்த மாத்திரைய நிறுத்தணுமான்னு இதய டாக்டர கேட்டுட்டு செய்யுங்க, நெறைய நேரம் நிறுத்தாமலே ஒரு பல்ல எடுத்துடலாம். சித்தி கத மேல படிச்சீங்கல்ல.

## அறிகுறி: ஒண்ணுக்கு கட்டங்காப்பி கலர்ல போகுது, ஆளு வெளுத்துட்டே போறாங்க

தண்ணி கம்மியா குடிச்சாலும் கலர் மாறும், டிபி மாத்திரைல ஆரஞ்சா போகும், பீட்ரூட்ல செவக்கும். ரெண்டு லிட்டர் தண்ணி குடிச்சு மறுநாள் பாருங்க, டாக்டர் தண்ணி அளவு கட்டியிருந்தா மட்டும் இத செய்யாதீங்க. அப்பவும் கருப்பா போயி கண்ணும் மஞ்சளா இருந்தா எல்லாரும் மஞ்சக்காமாலைன்னு கீழாநெல்லிக்கு ஓடறாங்க. வால்வுகாரங்களுக்கு இன்னொரு காரணம் உண்டு, வால்வ தச்ச ஓரத்துல தையல் விட்டு சந்து விழுந்து, அதுல பீச்சி அடிக்கிற ரத்தத்துல செல்லுங்க உடையும். மைக்ராஸ்கோப்ல பாத்தா வட்டமா இருக்க வேண்டியது ஹெல்மெட் மாதிரி, உடைஞ்ச அப்பளம் மாதிரி கெடக்கும், சீரம் எடுத்தா ரோஸ் கலர்ல நிக்கும். சிபிசி, எல்டிஎச் (செல்லு உடைஞ்சா ஏறுறது), பிலிருபின், ரெட்டிக் கவுண்ட், ஸ்மியர் (மைக்ராஸ்கோப்ல பாக்குறது), இத்தனை ரத்த டெஸ்ட்டும் ஒரே நாள்ல முடிஞ்சிடும். எல்டிஎச் ரொம்ப ஏறி ஸ்மியர்லயும் உடைசல் இருந்தா எக்கோ, அது போதலன்னா குழாய முழுங்கி எடுக்குற எக்கோ. சின்ன கசிவுன்னா இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிடும் குடுத்து பாத்துட்டே ஓட்டுவாங்க, பெருசுன்னா தொடை வழியா போயி சந்த அடைக்கிறதோ மறு ஆபரேஷனோ.

## "வால்வு போயிடுச்சு"ன்னே சொல்லிட்டாங்க, அப்புறம்?

மொதல்ல அது கட்டியா, தேய்மானமா, கிருமியா, ஓரக் கசிவான்னு பிரிச்சு கேளுங்க, நாலுக்கும் வழி வேற. தேய்மானம்னா அன்னிக்கே ஓடணும்னு இல்ல, லேசா இருந்தா ஆறு மாசத்துக்கு ஒரு எக்கோன்னு காத்திருக்கலாம். மறு ஆபரேஷன்ல நெஞ்செலும்ப திரும்ப பொளக்கணும், உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், மொத தடவைய விட கஷ்டம். டிஷ்யூ வால்வுல மட்டும் இன்னொரு வழி இருக்கு, தொடை ரத்தக்கொழாய் வழியா புது வால்வ சுருட்டி கொண்டு போயி பழசுக்குள்ளயே விரிக்கிறது. பழைய வால்வோட சைஸு சின்னதுன்னா அது சரிப்படாம போகலாம், அதனாலதான் அந்த கார்ட போட்டோ எடுங்கன்னு மேல கத்துனேன். செலவு லட்சக்கணக்குல, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல எது வரும் எவ்வளவு வரும்னு ஆஸ்பத்திரில இருக்குற திட்ட கவுண்டர்ல எழுத்துல கேட்டு வாங்குங்க. எங்கப்பாவுக்கு பழசு 23 சைஸு, உள்ளயே வச்சாச்சு. இப்ப ரெண்டு சுத்து, சிற்பம் பாக்கறதில்ல.

கொழந்த பெத்துக்கணும்னு நெனைக்கிற பொண்ணுங்களுக்கு வார்ஃபரின் இன்னொரு சிக்கல், வயித்துல இருக்குற கருவ பாதிக்கும், அதுக்காக தானா நிறுத்துனா வால்வு கட்டிக்கும். நாள் தள்ளுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடணும், தள்ளிப் போன அப்புறம்னா அன்னிக்கே.

## மழை வந்தா

2024 ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்த நாலு நாள், டிசம்பர் மொத வாரம், தென்பெண்ணைல தண்ணி வந்து பாதி ஊரு மெதந்துச்சு. ஒருத்தர் முட்டியளவு தண்ணில நடந்து வந்து ஒரு நனைஞ்ச அட்டைய நீட்டுனாரு, எழுத்து அழிஞ்சு போச்சு, மாத்திரை கரைஞ்சு பசையா இருக்கு, என்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம்னு அவருக்கும் தெரியல எனக்கும் தெரியல, ஃபைலு வீட்ல தண்ணிக்குள்ள. மூணு நாளா போடல. ஐஎன்ஆர் 1.3. நல்ல வேள, பழைய ரிப்போர்ட்டு எங்க கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, அதுல அவரு டாக்டர் பேர கண்டுபுடிச்சு போன் பண்ணோம்.

அதுக்கப்புறம் எங்க வீட்ல ஐப்பசி பொறந்தா மூடி இறுக்கமா இருக்குற பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, பதினஞ்சு நாள் மாத்திரை, வால்வு கார்டு ஜெராக்ஸ், டோஸ் எழுதுன தாளு, டாக்டர் நம்பர். சித்தி வீட்ல அது அரிசி ட்ரம்முக்கு மேல பரண்ல இருக்கு, சித்தப்பா மூடி மேல மார்க்கர்ல பெருசா "சத்தம்"னு எழுதி வச்சிருக்காரு.